கொடுமணல் புதையல் லிங்க்கைத் தொட்டவங்க இதை உடனே படிங்க

பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பக்கத்து ஆளுங்க முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு அது. மஞ்சள் விலை, பவானிசாகர் நீர்மட்டம், தோட்டத்தில் கிடைத்த நடுகல், ரெட்டைத் தலையோடு பிறந்த கன்று என்று விநோதமும் செய்தியுமாக லிங்க் பகிர்ந்துகொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஈரோடு மாவட்டத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலைப் பற்றி, "கொடுமணலில் 3 பானை தங்கம்! டிவியில் காட்டாத வீடியோ" என்று ஒரு லிங்க் அதில் விழுந்தது.

"ஏனுங்க, திறக்கவே மாட்டேங்குது, உங்களுக்கு வந்துச்சுங்ளா?" என்று ஒருவர் கேட்டார். "சித்தப்பா போட்டதுங்க, தப்பா இருக்காதுங்க. அவங்க கேக்கற அப்டேட்டைப் போட்டுட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது. மறுநாள் மதியத்துக்குள் ஒருவர் கணக்கில் 48,000 ரூபாய் போயிருந்தது. இன்னொருவருக்கு 19,500. எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடும் அந்தப் பெரியவர் லிங்க்கைப் போடவே இல்லை. அவர் போனில் ஏற்கெனவே புகுந்திருந்த ஆப்தான் அவர் பேரில் போட்டிருக்கிறது.

நீங்களும் அதைத் தொட்டிருந்தால் முதலில் இதைச் செய்யுங்க. வைஃபை, டேட்டா இரண்டையும் அணைத்து ஏரோபிளேன் மோடில் போடுங்க. வீட்டில் வேறொருத்தர் போனிலிருந்து சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்க. பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அதுதான் வழி. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அடுத்து வங்கிக்குச் சொல்லி கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்க. புகார் எண்ணும் நேரமும் எழுதி வைங்க. நாமே விவரம் கொடுத்து ஏமாந்திருந்தாலும், வங்கியிடம் புகார் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை.

போனைச் சுத்தம் செய்வது அதற்கப்புறம். இந்த மாதிரி ஆப் நிறுவிய உடனே தன் ஐகானை மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து பேரில்லாமலோ, "வீடியோ பிளேயர்", "அப்டேட்" என்ற பேரிலோ இருப்பதைத் தேடுங்க. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால் அது டிவைஸ் அட்மின், அதாவது போனை நிர்வகிக்கும் உரிமை வாங்கியிருக்கிறது. முதலில் அந்த உரிமையையும், நமக்குப் பதிலாகத் திரையைப் படிக்கவும் தொடவும் விடும் ஆக்சஸிபிலிட்டி அனுமதியையும் ரத்து செய்யுங்க. அப்படியும் போகவில்லை என்றால், நாம் ஏற்றிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போட்டு நீக்குங்க. வங்கி வேலைக்கு அந்த போனே வேண்டும் என்றால், படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதுபோல ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் நிம்மதி. பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்க. வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்க.

இது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை கை தயங்கும். லிங்க்கைத் தொட்டதும் மங்கலான ஒரு குழிப் படம், நடுவில் முக்கோணம். அதை அழுத்தினால் "நீங்க ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்க" என்று கேட்கும். அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப நாம் கொடுக்கும் அனுமதி. அதிலிருந்து "உங்க போனில் 4 வைரஸ்" என்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். இதுவரை பணத்துக்கு ஆபத்தில்லை.

அடுத்த படிதான் விஷம். "வீடியோ ஓட பிளேயர் அப்டேட் செய்யுங்க" என்று ஒரு கோப்பு இறங்கும். பேரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும், ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு அது. ஆண்ட்ராய்டு நம்மை எச்சரிக்கத்தான் செய்கிறது. அந்த எச்சரிக்கையை எப்படித் தாண்டுவது என்று அம்புக்குறி போட்டுப் படத்தோடு அந்தப் பக்கமே சொல்லித் தருகிறது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். பிறகு "வயது உறுதி செய்ய 2 ரூபாய்" என்று கார்டு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம் கேட்கும். கார்டு விவரம் ஒரு கையில், நமக்கு வரும் ஓடிபி இன்னொரு கையில் என்று திருடனிடம் இரண்டும் சேர்ந்துவிடுகிறது. "நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே" என்று அந்த இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஆப்தான் படித்து அனுப்பியது. ஆக்சஸிபிலிட்டி அனுமதியும் கொடுத்துவிட்டால், நம் விரல் தொடுவதுபோல அதுவே திரையைத் தொட்டு நம் குழுக்களுக்கெல்லாம் லிங்க் போடும். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான்.

தெரிந்தவர் போட்டார் என்பதும், லிங்க்குக்குக் கீழே படத்தோடு அட்டை வந்தது என்பதும் சாட்சியே அல்ல. அந்த அட்டையில் என்ன படம், என்ன தலைப்பு என்பதை லிங்க் போகும் தளமே எழுதிக் கொடுக்கிறது. பேர்போன செய்தித்தாளின் படத்தை யாரும் வைக்கலாம். சில பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படமும் அப்படித்தான். போகிற வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம், போய்ச் சேரும் இடம் நல்லவன் வீடு என்று அல்ல.

முகவரியைப் படிக்கப் பழகுங்க. ஆரம்பத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து முன்னால் படிக்கணும். கடைசித் துண்டுகளில்தான் சொந்தக்காரன் இருக்கிறான். தமிழக அரசுத் தளம் "டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்" என்று முடியும். முன்னால் "டிஎன் கவ்" என்று இருந்து, கடைசியில் "டாட் டாப்" என்று முடிந்தால் அது அரசு அல்ல. பிட்லி என்ற தளத்தில் சுருக்கிய லிங்க்காக இருந்தால் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்துத் திறங்க. எங்கே போகிறது என்று காட்டிவிட்டு நிற்கும்.

கொடுமணலைப் பற்றித் தெரிந்தவருக்குத் தலைப்பிலேயே சந்தேகம் வந்திருக்கும். நொய்யல் வடகரையில் அங்கே கிடைத்தவை கல்மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள். அதுவே எவ்வளவு பெரிய சேதி! புதையல் ஒன்றும் தேவையில்லை.

பணம் போகாத ஏமாற்றும் உண்டு, சேதம் அதைவிடப் பெரிது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையின் வீடியோவும் அதில் கலந்திருந்தது. கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதலையும் அதில் சேர்த்துவிட்டார்கள். காவல்துறை பொய் என்று விளக்கியது, பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்தது. அதற்குள் பயந்துபோய் ஊருக்கு ரயிலேறியவர்கள் ஏராளம். வீடியோவைப் பார்த்ததும் நிறுத்தி, முகமும் கடைப்பலகையும் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டிருந்தால் பழைய செய்தி வந்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. பலகை எந்த மொழி, வண்டி எண் எந்த மாநிலம் என்று கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. ஆனால் காப்பி செய்து ஒட்டினால் அந்தக் குறி வராது என்பதையும் மனதில் வைங்க.

லிங்க் பகிர்வதை நிறுத்தச் சொல்லவில்லை. வெறும் லிங்க்காகப் போடாதீங்க. நீங்க திறந்து கடைசி வரை படித்துவிட்டு, எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, உள்ளே என்ன இருக்கிறது என்று உங்க சொந்த வார்த்தையில் ஒரு வரி சேருங்க. ஆப்பால் "இது தினசரி ஒன்றில் போன செவ்வாய் வந்தது, மூணாவது பத்தியில நம்மூர்ப் பேர் இருக்குங்க" என்று எழுத வராது. அந்த வரி இல்லாமல் வந்த லிங்க்கைத் தொடாமல், போட்டவருக்கு போன் செய்தே கேளுங்க. ஏபிகே கோப்பு வந்தால் கேள்வியே வேண்டாம், கல்யாணப் பத்திரிகை என்று பேர் இருந்தாலும் சரி.

அட்மின்களுக்கு ஒன்று. யார் போட்ட பதிவையும் நீங்க எல்லோருக்கும் சேர்த்து நீக்க முடியும். ஆனால் நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, 1930 புகாருக்கு அது வேண்டும். நீக்கிய பிறகு, எத்தனை மணிக்கு என்ன தலைப்பில் வந்த லிங்க், அதைத் திறந்தவர்கள் என்ன செய்யணும் என்று கட்டாயம் எழுதுங்க. ஓசையில்லாமல் அழித்துவிட்டால், சனிக்கிழமை ராத்திரியே ஆப்பை ஏற்றியவருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தெரியவரும்.