பித்தப்பையையும் சேர்த்து எடுப்பதா, விட்டுவைப்பதா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அக்கா, எடை குறைய இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்குத் தயாரானபோது ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தது.

இரண்டையும் ஒன்றாக முடித்தால் ஒரே மயக்க மருந்து, ஒரே விடுப்பு. ஈப்போவுக்கு மறுபடியும் அலைய வேண்டாம். ஆனால் அறுவை நேரம் நீளும். பருத்த உடலில் ஈரலும் கொழுத்திருக்கும், பித்தப்பையை எட்டுவதே சிரமம். பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தில் காயம் பட்டால் பெரிய தொல்லை.

விட்டுவைத்தால்? எடை வேகமாக இறங்கும்போது ஈரல் பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகக் கலக்கிறது. சாப்பாடு குறைவதால் பித்தப்பை சரியாகச் சுருங்குவதில்லை. தேங்கிய பித்தத்தில் கல் உருவாகிறது. அதனால்தான் முதல் 6 மாதத்துக்கு உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை தருவதுண்டு. கல்லே இல்லாதவர்களுக்கு அது நல்ல காப்பு.

அக்கா கதை வேறு. ரொட்டி சானாய் சாப்பிட்ட இரவெல்லாம் வலது விலாவின் கீழே பிடித்து, தோள்பட்டை வரை ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்தே நாளை ஓட்டினார். இப்படி வலிப்பவர்கள் மாத்திரையை நம்பி இருக்கவே கூடாது, சேர்த்து எடுப்பதுதான் சரி என்பேன். வலி தராத கல் என்றால் விட்டுவைத்துக் கவனிக்கலாம்.

அப்புறம், எடை குறைய இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு வேறு வழியில் இணைக்கும் அறுவை) செய்துகொள்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். குடலின் பாதை மாறிவிடுவதால், பின்னாளில் கல் பித்தநாளத்துக்குள் நழுவினால் வாய்வழியே குழாய் விட்டு எடுப்பது கடினம். அக்காவைப் போல இரைப்பையை மட்டும் சுருக்கியவர்களுக்கு அந்த வழி திறந்தே இருக்கும்.