சிம்மக்கல் சந்தில் ஒரு ஆம்ப் சர்வீஸ் கடை: வேலை சுத்தம், பொறுமை வேண்டும்

மதுரையில் பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயர்) ரிப்பேருக்கு எங்கே கொடுக்கலாம் என்று கேட்டால் நான் கை காட்டுவது சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக் கடையைத்தான். போர்டு கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஷட்டர், வாசலில் மூடி கழற்றிக் கிடக்கிற ஆம்ப்கள், அதுதான் அடையாளம். வண்டி நிறுத்த இடமில்லை, முப்பது கிலோ ஆம்பைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடக்க வேண்டும், அதனால் கூட ஒரு ஆள் கூட்டிப்போவது நல்லது.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம் சின்னதாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறோம். காதுகுத்து, வசந்தவிழா, கோயில் பொங்கல். ஒரு காதுகுத்தில் மொய் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆம்பில் ஒரு சேனல் போனது. வேறொரு இடத்தில் கொடுத்தோம், அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றி, மறுநாளே கையில் தந்துவிட்டார்கள். அடுத்த விசேஷத்தில் அதே சேனல் மறுபடி எரிந்தது, இந்தத் தடவை பதினெட்டு இஞ்ச் பேஸ் ஸ்பீக்கரின் காயிலையும் (உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்) சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் இந்தக் கடை.

கடைக்கார அண்ணன் மூடியைத் திறக்கும் முன்னால் கேள்விகளைத் தொடங்கினார். எத்தனை பாக்ஸ், ஒவ்வொன்றும் எத்தனை ஓம், கரண்ட் வீட்டு லைனா ஜெனரேட்டரா, போகும்போது டப்பென்று போனதா, இல்லை சூடாகி மெதுவாகக் கரகரத்துப் போனதா. "எரிஞ்சத மாத்துறது ஒரு வேலையாப்பா? எதுனால எரிஞ்சுச்சுன்னு தெரியாம மாத்துனா திரும்ப எரியத்தான செய்யும்." கொஞ்சம் கடுகடுப்பான ஆள்தான், ஆனால் இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் கொடுக்கலாம்.

காரணத்தை அவர் கண்டுபிடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். சூட்டை இழுத்து வெளியே விடுகிற ஹீட் சிங்க்கில் பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு நடுவே பயாஸைப் (பாட்டு இல்லாதபோதும் அவற்றில் ஓடுகிற சின்ன கரண்டை நிர்ணயிக்கும் வோல்டேஜ்) பார்த்துக்கொள்கிற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கும், அது ஹீட் சிங்க்கை ஒட்டி ஸ்குரூ போட்டு இருக்க வேண்டும், முன்பு வேலை பார்த்தவர்கள் அதைத் திரும்ப முடுக்காமல் காற்றில் தொங்க விட்டிருந்தார்கள். சூடு ஒரு டிகிரி ஏறினால் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். பயாஸ் அதற்கேற்பக் குறையாவிட்டால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் கரண்ட், அப்படியே போய் ஷார்ட்டில்தான் நிற்கும். ஷார்ட் ஆனால் சப்ளை வோல்டேஜ் நேராக ஸ்பீக்கருக்குள் டிசியாகப் போகும். 60 வோல்ட் என்று வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் 7.5 ஆம்பியர், 450 வாட்ஸ், பாட்டே இல்லாமல் வெறும் சூடாக. காயில் ஏன் கருகியது என்பது அப்போதுதான் புரிந்தது.

அவர்கள் போட்டிருந்த 5200, 1943 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடிகளும் போலி. ஒன்றைக் கட்டிங் பிளேயரால் உடைத்து உள்ளே இருந்த சிலிக்கன் துண்டைக் காட்டினார், அசலில் இருப்பதைவிட ரொம்பச் சின்னது. வெளியே அச்சு அசலாக கம்பெனிப் பெயர்! அவர் நல்ல பொருளாக ஒரே பேட்ச்சில் வாங்கிப் போட்டார், டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கிற மைக்காத் தகடு புதுசு, சூடு கடத்தும் பேஸ்ட் மெல்லிசாக. கழற்றிய பழைய பொருளை எல்லாம் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார், கேட்கவே வேண்டாம்.

டெஸ்ட் பண்ணும் விதமும் எனக்குப் பிடித்தது. நேராக 230 வோல்ட் லைனில் செருகுவதில்லை. 100 வாட்ஸ் குண்டு பல்பு சீரீஸில் போட்டுத்தான் ஆன் செய்கிறார். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி, முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, டிரான்சிஸ்டர் தப்பித்தது. அப்புறம் ஸ்பீக்கர் மாட்டாமல் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார், 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மறுபடி திறப்பார். பழைய ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு ஒன்று மாட்டச் சொல்கிறார். ஆன் செய்து சில விநாடி கழித்து ரிலே ஸ்பீக்கரை இணைக்கும், அவுட்புட்டில் டிசி வந்தால் துண்டித்துவிடும். ஒரு பேஸ் ஸ்பீக்கரின் விலையை நினைத்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை, மாட்டிவிடுங்கள்.

திட்டும் உண்டு. விசேஷ வீட்டுக்காரர் "இன்னும் ரெண்டு பாக்ஸ் போடுங்க தம்பி" என்றால் நம்மாட்கள் பேரலலாகக் கொடுத்துவிடுவார்கள். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4, நாலு சேர்ந்தால் 2 ஓம், 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்ப் என்ன செய்யும்? ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் ஃபியூஸ் போடாமல் செம்புக் கம்பி சுற்றுகிறவர்களிடம் அவர் பேசுவதை இங்கே எழுத முடியாது. ஆடி மாசம் ஊரெல்லாம் சீரியல் செட் எரியும்போது லைன் 170 வோல்ட்டுக்கு இறங்கினால் வால்யூமை ஏற்றாதே என்கிறார், ஏனென்றால் சப்ளை குறைந்த ஆம்ப் சீக்கிரமே கிளிப் ஆகும் (சத்தம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்), அதைக் காட்டுகிற சிவப்பு லைட் நின்று எரிந்தால் முதலில் போவது பாக்ஸில் மேலே இருக்கிற ட்வீட்டர் யூனிட். கோயிலுக்கு இழுத்த தற்காலிக த்ரீ பேஸ் லைனில் நியூட்ரல் லூஸ் ஆனால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரலாம், அதனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் செருகுவதில்லை என்று நாங்களும் இப்போது வைத்திருக்கிறோம். மிக்ஸர் முதலில், ஆம்ப் கடைசியில் ஆன். ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில். இது தெரியாதவர்கள் குறைவு, செய்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

புழுதி விஷயம் மட்டும் புதுசு. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னார், காற்றில் வெறியாகச் சுற்றினால் பேரிங் போய்விடுமாம். அலங்காநல்லூர்ப் பக்கம் ஜல்லிக்கட்டுக்கு மைக் கட்டுகிறவர்களின் ஆம்பைத் திறந்தால் ஒரு கை செம்மண் அள்ளலாம் என்பது அவர் கணக்கு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். போன் எடுக்கமாட்டார். பில் கிடையாது, பொருள் விலையும் கூலியும் ஒரு துண்டுச் சீட்டில். மூன்று நாள் என்றால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சித்திரைத் திருவிழா நெருங்கினால் அதுவும் நிச்சயமில்லை, பங்குனி தொடங்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கிளாஸ் டி, எஸ்எம்பிஎஸ் என்று வருகிற எடை குறைந்த புது வகை ஆம்ப் என்றால் வாங்கவே மாட்டார், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். காலை பதினோரு மணிக்கு முன்னால் கடை திறப்பதில்லை.