தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: ஒரு மதிப்பீடு

தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதியுடன் 1620-இல் ஓவே கெட்டே என்னும் டேனிஷ் கடற்படைத் தலைவரின் முயற்சியில் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டு, பின்னர் பயணியர் மாளிகையாகப் பயன்பட்டு, 1978 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்து வருகிறது.

பார்வையாளர் முதலில் காண வேண்டியது அருங்காட்சியகப் பொருள்களை அன்று, கட்டடத்தையே என்பது என் கருத்து. கடலை ஒட்டிய இரண்டடுக்கு மாளிகையின் கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் சிறைக்கூடமும், மேல்தளத்தில் ஆளுநரின் குடியிருப்பும் அமைந்திருந்தன. வணிகமும் காவலும் ஆட்சியும் ஒரே கூரையின்கீழ் எவ்வளவு நெருக்கமாக இயங்கின என்பதை இந்த அடுக்குமுறை எந்த விளக்கப் பலகையையும்விடத் தெளிவாக உணர்த்துகிறது. கோட்டையைச் சூழ்ந்திருந்த அகழி இன்று இல்லை.

உள்ளே டேனியர் காலத்துப் பீங்கான், நாணயம், ஆவணப் படிகள் முதலியன வைக்கப்பட்டுள்ளன. அவற்றை விரைந்து பார்த்துவிடலாம்.

நாங்கள் அமர்த்திய தனியார் சுற்றுலா ஏற்பாட்டாளர் இதற்கு அரைமணி நேரமே ஒதுக்கியதோடு, அலையரிப்பால் முன்பகுதியை இழந்த அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலை முற்றிலும் தவிர்த்துவிட்டார். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாண்டியர் காலத்தில் எழுந்த அக்கோயிலைப் பார்க்காமல் இவ்வூரின் வரலாறு முழுமை பெறாது. இத்தகைய பயணத்திற்குக் கட்டணம் செலுத்துவதைவிட, மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வந்து காலை வெயில் ஏறுமுன் தாமாகவே நடந்து பார்ப்பதே மேல்.