உப்புவெளி அக்காவின் இரவுச் சாப்பாடு, காசுக்குப் பெறுமதியா?

வேலைக்குப் போகிற பெண்களைக் கண்டால் "உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கோ" என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள், அந்த நேரத்தை எங்கேயிருந்து எடுப்பது என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. யோகா வகுப்பு, தியான ஆப் எல்லாம் பார்த்தாயிற்று, அதுவும் நாளுக்குள் திணிக்க வேண்டிய இன்னொரு வேலையாகத்தான் போனது. எனக்கு உருப்படியாக உதவியது, திருகோணமலை உப்புவெளியில் ஓர் அக்கா தன் வீட்டில் சமைத்துக் கொடுக்கிற இரவுச் சாப்பாடு.

கந்தோர் 4.15க்கு முடியும். பிள்ளையை ரியூஷனில் இருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வர ஆறு மணி, அதற்குப் பிறகு தேங்காய் திருவி, பால் பிழிந்து, மா குழைத்து, இடியப்பம் பிழிந்து அவித்து, சொதி வைத்து, சட்டி பானை கழுவி நிமிர்ந்தால் ஒன்பதரை. இதில் சாப்பிடுகிற நேரம் கால் மணித்தியாலம்!

அக்காவிடம் பகல் இரண்டு மணிக்கு முன்னர் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். ஆறரைக்கு நாங்களே போய் எடுக்கலாம், டவுனுக்குள் என்றால் மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருவார். சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட் கிடையாது, எங்கள் கரியரில்தான் போட்டுத் தருவார். இரண்டு கரியர் வைத்திருந்தால் மாறி மாறி ஓடும்.

சாப்பாட்டில் முதல் இடம் சொதிக்கு. முதற்பாலைக் கடைசியில் விட்டு, இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிவார், அதனால் திரையவே திரையாது. வெந்தயம் அங்கங்கே கடிபடும், பச்சை மிளகாய் நீளவாக்கில் கீறியபடி கிடக்கும். செத்தல் மிளகாய்ச் சம்பல் இடித்தது, அரைத்ததில்லை. மீன் கடலைப் பொறுத்தது: சோழகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் பாரையும் சீலாவும் தாராளமாக வரும், கார்த்திகையில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் முட்டைக் குழம்புதான், கேட்டு வாங்குங்கள். பிட்டு வேண்டாம், வீடு வந்து சேருமுன் காய்ந்துவிடுகிறது. கீரை வறையில் உப்புக் கை கொஞ்சம் தாராளம். மழை நாளில் ஏழே கால் ஆனாலும் ஆகும்.

இடியப்பம் பத்து, சொதி, சம்பலோடு 300 ரூபா, மீன் குழம்பு வேறு. வீட்டில் சமைப்பதைவிடக் கூடத்தான். "ஏன் பிள்ளை, உங்கட வீட்டில அடுப்பு இல்லையோ?" என்று மாமி கேட்டார், அடுத்த கிழமை அவரே சொதியில் இரண்டாம் தரம் வாங்கினார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. நாங்கள் கிழமை நாளில் மட்டும்தான் எடுக்கிறோம், எல்லா நாளும் என்றால் கட்டுப்படியாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிச்சமாகிற இரண்டு மணித்தியாலத்தைப் போன் சத்தமில்லாமல் தின்றுவிடும், அப்படிப் போனால் 300 ரூபாவும் தண்டம். நாங்கள் கரியரை மேசையில் வைத்துவிட்டு டச்பே கடற்கரைக்கு நடக்கிறோம், கோணேசர் மலைப்பக்கம் லைட் போட்டிருப்பார்கள், மகள் இறால் வடைக்கு அடம்பிடிப்பாள், சில நாள் வாங்கியும் கொடுப்பேன். பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. ஆனால் பாடசாலையில் யாரோடு கோபம், யாரோடு சேர்த்தி என்பதெல்லாம் இப்போது அவள் தானாகவே சொல்கிறாள், முன்பு நான் அடுப்படியில் நின்று "ம்" கொட்டிய கதைகள்தான் இவை.

எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "ஞாயிறு நான் அடுப்பே மூட்டுறேல்லைத் தங்கச்சி, எங்கட வீட்டுக்கும் கடைச் சாப்பாடுதான்" என்றார் அக்கா. இரண்டு மணி தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும் ஓடர் எடுக்கமாட்டார், எத்தனை பேர் கெஞ்சினாலும் வீடுகளின் தொகையைக் கூட்டவும் மாட்டார். இப்போதைக்குப் புது ஆள் எடுப்பதில்லையாம், தைப்பொங்கல் கழித்துக் கேட்டுப் பாருங்கள்.