எலிவேஷனா, தோட்டமா, இன்டீரியரா: பழைய வீட்டில் பணத்தை எங்கே போடுவது?

சென்னைப் புறநகரில் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு கட்டிய தனி வீடு. ஒரு கிரவுண்டு மனை, ஆயிரம் சதுர அடியில் தரைத்தளம், மேலே மொட்டை மாடி, வாசலில் கொஞ்சம் மண். இப்படி ஒரு வீட்டை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கையிலிருக்கும் பணத்தில் முகப்பை மாற்றலாமா, தோட்டம் போடலாமா, உள்ளே இன்டீரியர் செய்யலாமா? என் பதில் மூன்றுமே இல்லை, முதலில் மொட்டை மாடி. மேலேயிருந்து வெயிலும் மழையும் இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் கீழே செய்கிற எந்த வேலையும் நிலைக்காது.

மாடிக்கு நம் ஊரில் மூன்று வழிகள் உண்டு: பழைய முறையில் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பது, வெள்ளை கூல் டைல் ஒட்டுவது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து விலை கேட்பதுதான் பிரச்சினை. மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன.

தட்டோட்டின் பலம் ஓட்டில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து சுமார் மூன்று அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, அதற்கு மேல் ஓடு பதிப்பார்கள். செங்கல் ஜல்லிக்குள் நுண்ணிய காற்று இடைவெளிகள் நிறைய இருப்பதால் வெயில் தளத்துக்கு மெதுவாகத்தான் இறங்கும். சுண்ணாம்பு, சிமெண்ட் போல விறைப்பானது இல்லை. பகல் சூட்டில் விரிந்து ராத்திரியில் சுருங்கும்போது கொஞ்சம் இடம் கொடுக்கும். ஒழுங்காகப் போட்டால் பல வருடங்கள் நிற்கும். குறை என்னவென்றால், இந்த வேலையைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். ஜல்லி போடாமல் சிமெண்ட் கலவையிலேயே வாட்டம் கொடுத்து ஓட்டைப் பதித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது பெயருக்குத்தான் தட்டோடு.

கூல் டைல் பார்க்க நன்றாக இருக்கும், வெயிலையும் நன்றாகத் திருப்பும். ஆனால் பழைய ஓட்டின் மேலேயே ஒட்டச் சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கனவே உள்ளே இறங்கியிருக்கும் ஈரம் இரண்டு அடுக்குக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். தளத்துக்குச் சுமையும் கூடும். வெள்ளைப் பூச்சு இருப்பதிலேயே மலிவு. வெயிலைத் திருப்பி அனுப்பும் இப்படிப்பட்ட ‘கூல் ரூஃப்’ கூரைகளுக்கென்றே தெலங்கானா அரசு 2023-இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. தூசு படியப் படியப் பலன் குறையும், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். முக்கியமாக, சாதாரண வெள்ளைப் பூச்சு சூட்டைத்தான் குறைக்கும், ஒழுகலை நிறுத்தாது.

எதை எடுப்பது என்று உங்கள் மாடியே சொல்லும். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் ஓட்டில் கெட்டியாக ‘டக்’ என்று சத்தம் வரும். பிடிப்பு விட்ட ஓட்டில் பானையைத் தட்டியதுபோல் ஒரு வெற்றுச் சத்தம். அதிலெல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவற்றை மட்டும் மாற்றி, இடுக்குகளை அடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால் போதும். கால்வாசிக்கு மேல் வெற்றுச் சத்தம் என்றால் மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போடுவதே லாபம். கூல் டைல் ஆசை இருந்தால் அப்போது, ஜல்லிக்கு மேல் தட்டோட்டுக்குப் பதிலாக அதைப் பதிக்கலாம். எந்த வழியானாலும் இரண்டு இடங்களைக் கூட நின்று பாருங்கள்: தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலை, மழைநீர் இறங்கும் குழாயின் வாய். பெரும்பாலான ஒழுகல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சரி, முகப்பு. சுவரில் கல் ஒட்டுவதா, அலுமினிய ஷீட் அடிப்பதா, நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் போதுமா? எமல்ஷன் போதும். கல்லும் ஷீட்டும் சுவரை மூடிவிடுகின்றன. உள்ளே ஓதம் இருந்தாலும் கல் கழன்று விழும் வரை நமக்குத் தெரியாது. அந்தப் பணத்தில் உடைந்த சன்ஷேடுகளைச் சரிசெய்து, மேற்குச் சுவர் ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேடை நீட்டினால் மத்தியான வெயில் உள்ளே வருவது குறையும். பெயிண்ட் அடிக்கும் முன் சந்தேகமான இடத்தில் ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அதன் மேல் எவ்வளவு விலை கூடிய பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உரிந்துவிடும்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்கு இந்தக் கணக்கே வேறு. அவற்றின் மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டவே வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான்.

வாசல் மண்ணைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ‘சேறு, கொசு, குப்பை’ என்று சொல்லி முழுக்க பேவர் பிளாக் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் புல்வெளி. மூன்றாவது வழியான மண்ணும் மரமும் பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை.

புல்வெளியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் பச்சையாக இருக்க நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 400 சதுர அடிக்கு 180 லிட்டருக்கு மேல். ஒன்பது தண்ணீர் கேன், தினமும். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊரில் இதை நியாயப்படுத்த முடியாது. அதற்குமேல் வெட்டுவது, களை எடுப்பது, உரம் வைப்பது. உட்கார நிழலும் கிடையாது.

பேவர் பிளாக் அவ்வளவு மோசமில்லை, போடும் விதத்தில்தான் கெடுக்கிறார்கள். மணல் படுகையின் மேல் போட்டு இடுக்கில் மணலே நிரப்பினால் ஓரளவு தண்ணீர் கீழே இறங்கும். கீழே கான்கிரீட் போட்டு இடுக்கையும் சிமெண்டால் பூசினால் அது இன்னொரு மொட்டை மாடிதான். கார் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கனம், நடக்கும் இடத்துக்கு 60 போதும். கார் நிற்கும் இடம், வாசல் நடை இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிச்ச இடம் மண்ணாகவே இருக்கட்டும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். சென்னையின் ஆண்டு மழைக்கு அது ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழி இப்போது மண் மூடி, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கிடக்கிறது. தோட்ட வேலையை அந்தக் குழியைத் தோண்டி, அடைத்திருக்கும் ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுவதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் செடி. துணி துவைக்கும் தண்ணீர் போகும் இடத்தில் வாழை. மதில் ஓரமாக நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ. கிணற்றடியிலோ வாசலிலோ ஒரு பவளமல்லி. இடம் இருந்தால் மேற்குப் பக்கம், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு புங்கை. குல்மோகர் வேண்டாம்: 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் எத்தனை விழுந்தன என்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முருங்கை வைக்கலாம், ஆனால் கிளை லேசில் ஒடியும், கம்பளிப்பூச்சியும் வரும். ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள்.

உள்ளே வந்தால் முதல் சண்டை தரைக்கு. விட்ரிஃபைடு டைல் ஈரம் குடிக்காது, கறை பிடிக்காது, இரண்டே நாளில் ஒரு அறையை முடித்துவிடலாம். ஆத்தங்குடிக் கல்லில் அழகும் உண்டு, கால் வைத்தால் குளிர்ச்சியும் உண்டு. காரைக்குடி பக்கம் இருக்கும் அந்த ஊரில் சூளையே இல்லாமல், கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்கிறார்கள். ஆனால் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சிந்தினால் கறை நிற்கும், கனமும் அதிகம். அதனால் கூடத்துக்கு ஆத்தங்குடி, அடுப்படிக்கும் குளியலறைக்கும் டைல் என்று பிரிப்பேன். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்தான், பளபளப்பானது வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஏற்கனவே சிவப்பு ஆக்சைடு தரை இருந்து, விரிசல் பெரிதாக இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். மறுபடி பாலிஷ் போட்டாலே போதும்.

அடுப்படி அலமாரிக்கு எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவாகக் கிடைக்கும். சிங்க்குக்கு அடியில் ஒருமுறை ஒழுகினால் ஊதிவிடும். பிளைவுட் என்றால், தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரையைப் பலகையிலேயே பார்த்து வாங்குங்கள். கரையான் தொல்லை உள்ள வீட்டில், கடப்பா கல் தட்டுகளுக்கு அலுமினியக் கதவு போடுவது எனக்கு இன்னும் பிடித்த வழி. ஃபால்ஸ் சீலிங் பத்தடி உயரத்துக்குக் குறைந்த அறையில் வேண்டாம். மாடி ஒழுகல் நிற்காத வீட்டில் எந்த அறையிலும் வேண்டாம்.

வேலையை வரிசைப்படுத்தும்போது மாதத்தையும் பாருங்கள். தை முதல் பங்குனிக்குள் மாடி. சித்திரை, வைகாசியில் சுவர் நன்றாகக் காய்ந்தபின் பெயிண்ட். ஆடியில் செடி. ஆவணி வரை மாடி வேலை தொடங்காமலே இருந்தால் அவசரப்பட்டு ஓட்டைப் பெயர்க்காதீர்கள். பாதி வேலையில் ஐப்பசி மழை வந்தால் தளம் திறந்து கிடக்கும். கைப்பிடிச்சுவர் மூலை வெடிப்பை மட்டும் அடைத்து, குழாய் வாயில் இருக்கும் சருகை எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.