எதிர்நீச்சல்: முதல் பாகத்திலிருந்து பார்க்கலாமா?

முன்பு எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, எதிர்நீச்சல் ரெண்டாம் பாகம் பாதியில பிடிச்சதால ஒண்ணும் புரியல. முதல் பாகத்த சன் நெக்ஸ்ட் ஆப்ல முதல்லேர்ந்து பார்த்துட்டு வரட்டுமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. சன் டிவியில் 700 எபிசோடுக்கு மேல் ஓடிய தொடர் அது. 2022 பிப்ரவரியில் ஆரம்பித்து 2024 ஜூனில் முடியும்வரை, திங்கள் முதல் சனி வரை இரவு ஒன்பதரைக்கு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் வேறு சேனல் கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூத்த அண்ணன் வைத்ததே சட்டம் என்றிருக்கும் ஒரு கூட்டுக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நான்கு மருமகள்களின் கதை; அதற்கு மேல் கதையைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

முதலில் அந்த அடுப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் பார்த்து வளர்ந்த தொடர்களில் ஓரகத்தி என்றால் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பவள், மாமியாரிடம் போட்டுக்கொடுப்பவள். இதில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு பேர் ஒரே அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டு ஒருத்திக்காக இன்னொருத்தி பேசினார்கள். ஈஸ்வரி படித்த படிப்பு, ரேணுகாவின் நாட்டியம், நந்தினியின் கைப்பக்குவம் எல்லாம் அந்த வீட்டு வாசற்படியோடு நின்றுபோயின. கட்டியவனுக்கு அது நினைவில்கூட இல்லை. இதை வசனமாக முழங்காமல், கூடத்தில் ஆம்பளை நடமாடும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிற பேச்சாகக் காட்டினார்கள். நந்தினி நக்கலாக ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு அப்படியே கண் கலங்குவாள். அந்த மாதிரிக் காட்சிகளை இத்தனை உண்மையாக வேறு எந்தத் தமிழ்த் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

என் ஓரகத்தி வண்டிப்பாளையத்தில் இருக்கிறாள். நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்வதோடு சரி. இந்தத் தொடர் வந்த பிறகு, பத்து மணிக்கு எபிசோடு முடிந்தால் அவளிடமிருந்து போன் வந்துவிடும். "அக்கா, ரேணுகா இன்னைக்குக் கேட்ட கேள்வியப் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகும் பேச்சு. அதைவிடப் பெரிய விஷயம் என் மாமியார். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள், "நானும் தையல் பரீட்சை பாஸ் பண்ணவதான். மிஷின் அம்மா வீட்டோட நின்னுபோச்சு" என்றார். அத்தைக்குத் தைக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் பெற்ற பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் தெரியும். ஒரு சீரியல் ஒரு வீட்டில் இதைச் செய்திருக்கிறது. எனக்கு என்ன கோபம் இருந்தாலும் இதை மறைக்க முடியாது.

அப்புறம் மாரிமுத்து. அந்த மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாலே வீடு அடங்கிவிடும். "ஏய், இந்தாம்மா" என்ற அந்தத் தென் மாவட்டப் பேச்சு எங்கள் கடலூர் ஷேர் ஆட்டோ வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஆளைப் பார்த்தாலே எரிச்சல் வரும், ஆனால் அவர் வராத எபிசோடு உப்பில்லாத குழம்பு போலிருக்கும். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு மாரடைப்பு வந்தது. அன்று எங்கள் தெருவில் சொந்தத்தில் ஒருவர் போய்விட்டது போலத்தான் பேசிக்கொண்டார்கள்.

மாரிமுத்து போனார், தொடர் படுத்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்குப் பின் வந்த வேல ராமமூர்த்தி நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். இன்னொருவர் உருவாக்கி மக்கள் மனதில் பதிந்துபோன ஒரு ஆளாக, அதுவும் அந்தத் துக்கம் ஆறுவதற்குள், வந்து நிற்பது யாருக்கும் கஷ்டம். பழியை அவர் தலையில் போடுவது அநியாயம். தொடர் சரிய ஆரம்பித்தது அதற்குச் சில மாதம் முன்னால், மாரிமுத்து இருந்தபோதே.

குணசேகரனின் தங்கை ஆதிரையின் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அருணைக் கட்டிக்கொள்ள நினைக்கிறாள், அண்ணன் குணசேகரனோ அவளைக் கரிகாலனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வாரக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். சனிக்கிழமை எபிசோடு முடியும்போது ஜெயித்துவிடுவார்கள் போலிருக்கும். திங்கட்கிழமை வந்தால் பழைய இடத்திலேயே நிற்பார்கள். இத்தனைக்கும் பிறகு தாலி கட்டியது கரிகாலன்தான். சரி, நிஜ வாழ்க்கையிலும் அப்படி நடக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகும் இதே கணக்குதான் ஓடியது. வாசலைத் தாண்டுவார்கள், பத்து நாளில் யாராவது ஒருத்தர் தலைகுனிந்து அதே அடுப்படிக்குத் திரும்புவார். தோற்பது எனக்குப் பிரச்சினை இல்லை. தோற்றதிலிருந்து அந்தப் பெண்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளாதவர்களாக எழுதப்பட்டதுதான் பிரச்சினை. நந்தினி மாதிரி புத்திசாலி அதே பொறியில் எத்தனை தடவை விழுவாள்?

கூடவே அந்த வீட்டு அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்து வந்தது. அங்கேதான் கதை அடுப்படியை விட்டு வெளியேறிப் பத்திரத்துக்குள் புகுந்தது. கையெழுத்து யாருடையது, ரேகை எங்கே, ரிஜிஸ்டர் ஆனதா என்று ஆண்கள் கூடத்தில் நின்று கத்துவதே எபிசோடாகிவிட்டது. அப்புறம் ஜீவானந்தம் என்று ஒருவர் வந்தார். இயக்குநர் திருச்செல்வமே அந்த வேடத்தில் நடித்தார். கோலங்கள் தொடரில் தொல்காப்பியனாக வந்தவர் அவர்தான், எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். நடிப்பில் இங்கேயும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு பெண்கள் தாங்களாகவே மூச்சுமுட்டி மேலே வரவேண்டிய கதைக்கு வெளியிலிருந்து ஒரு ஆண் எதற்கு? அவர் வந்த பிறகு ஜனனி, "ஜீவானந்தம் சார் என்ன சொல்வார்" என்று காத்திருப்பவளாகிவிட்டாள். தலைப்புக்கே அர்த்தம் போய்விட்டது.

நியாயமாகப் பார்த்தால், வாரத்தில் ஆறு நாள் எபிசோடு கொடுப்பது சாதாரண உழைப்பில்லை. வியாழக்கிழமை டிஆர்பி வருகிறது, எந்த ட்ராக் எடுபட்டதோ அதையே இழுக்கச் சொல்லும் நெருக்கடி இருக்கத்தான் செய்யும். விளம்பரத்தைக்கூட நான் குறை சொல்லவில்லை, மணிக்கு 12 நிமிடம் என்று விதி இருக்கிறது. மிச்சமுள்ள நேரத்தில் முந்தின நாள் காட்சியைத் திரும்பப் போட்டு, ஒரு அதிர்ச்சிக்கு எட்டு முகத்தைக் காட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இசையும் கொடுத்தால் கதைக்கு என்ன மிஞ்சும்?

இரண்டாம் பாகம், எதிர்நீச்சல் தொடர்கிறது, 2024 டிசம்பரில் வந்தது. ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட அதே மாதம். கரண்டும் கேபிளும் திரும்பி வந்தபோது அந்தப் பெயரைப் பார்த்து மாமியார் முகம் மலர்ந்தது. ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் வேறொரு பெண் வந்தார், அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது, மறுபடியும் ஒரு கல்யாணத்தை வைத்து இழுத்த இழுப்பு. இந்தத் தடவை ஈஸ்வரியின் மகன் தர்ஷன் கல்யாணம். ஆதிரைக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்த அதே பெண்கள், அன்றைக்குச் செய்த அதே தப்புகளோடு. மாமியார் இப்போது ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார்.

முதல் பாகத்தில் ஆதிரை கல்யாணப் பேச்சு எழும்வரை உள்ள எபிசோடுகளுக்கு இணையாகத் தமிழில் எதையும் சொல்ல மாட்டேன். இருந்தாலும் என் பதில், பார்க்க வேண்டாம் என்பதுதான். பார்த்தால் அந்த நான்கு பேரும் நம் வீட்டு மனுஷிகள் ஆகிவிடுவார்கள், பாதியில் நிறுத்த முடியாது. அப்புறம் அவர்களை என்ன செய்துவைத்தார்கள் என்று கடைசிவரை உட்கார்ந்து பார்க்க வேண்டிவரும். வேண்டாம்மா.