தொடர்ந்து இருந்தவரும் திரும்பி வந்தவரும்: லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வாரியத் தேர்தல்கள் குறித்து ஓர் ஒப்பீடு

லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பான லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதை நிர்வகிக்கும் வாரியத்தின் ஏழு உறுப்பினர்களையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பது, சார்ட்டர் பள்ளிகளுக்கு, அதாவது பொதுப்பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் கட்டணமில்லாப் பள்ளிகளுக்கு, அனுமதி வழங்குவது ஆகியவை இந்த ஏழு பேரின் கையில் உள்ளன. அதனால்தான் ஒருபுறம் ஆசிரியர் சங்கமும் மறுபுறம் சார்ட்டர் பள்ளி ஆதரவாளர்களும் இந்த இருக்கைகளுக்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். வேட்பாளருக்கு நேரடியாக அளிக்கும் நன்கொடைக்கு உச்சவரம்பு உண்டு. வேட்பாளரைச் சாராமல் தனியாகச் செலவிடுவோருக்கு அந்த வரம்பு கிடையாது.

இந்த வாரியத்தில் நீண்ட அனுபவம் கொண்ட இருவர் இரண்டு ஆண்டு இடைவெளியில் மக்களைச் சந்தித்தனர். எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பதவியில் இருந்து, வாரியத் தலைவராகவும் விளங்கிய ஸ்டீவ் சிம்மர் 2017 மே மாதத்தில் ஏறக்குறைய 43 விழுக்காடு வாக்குகளுடன் தோற்றார். 1991-இல் வாரியத்தை விட்டு வெளியேறிய ஜாக்கி கோல்ட்பர்க், 28 ஆண்டுகள் கழித்து 2019 மே மாதத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பெற்று வென்றார். இருவரும் முன்னாள் ஆசிரியர்கள். இருவரையும் ஆசிரியர் சங்கம் ஆதரித்தது. அப்படியிருந்தும் முடிவுகள் எதிரெதிராக அமைந்ததற்குப் பணமே காரணம் என்று சொல்லப்படுவது பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 2017 தேர்தலில் எல்லாத் தரப்பும் சேர்ந்து செலவிட்டது சுமார் 1.5 கோடி டாலர். அமெரிக்கப் பள்ளி வாரியத் தேர்தல்களில் அதுவரை அவ்வளவு செலவு எங்கும் ஆனதில்லை. முன்னாள் மேயர் ரிச்சர்ட் ரியோர்டன் சிம்மரைத் தோற்கடிப்பதற்காக 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். இவ்வளவும் உண்மைதான். ஆனால் 2013-இலும் சிம்மருக்கு எதிராகப் பெரும்பணம் இறங்கியது. நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க், சிம்மரின் போட்டியாளரை ஆதரித்த கூட்டணிக்குப் பத்து லட்சம் டாலர் அளித்தார். அப்போது சிம்மர் 52 விழுக்காடு பெற்றுத் தப்பினார். எனவே, அந்த நான்கு ஆண்டுகளில் வேறு என்ன மாறியது என்பதையே பார்க்க வேண்டும்.

முதலில் மாறியது, அவர்மேல் ஏறிய சுமை. 2013 ஜூனில், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஐபேட் வழங்கும் திட்டத்தின் முதல் ஒப்பந்தத்துக்கு வாரியம் ஒப்புதல் அளித்தது. முழுவதும் நிறைவேறியிருந்தால் நூறு கோடி டாலரைத் தாண்டியிருக்கும் திட்டம் அது. கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புப் பூட்டைத் தாண்டி விரும்பிய தளங்களுக்குள் நுழைந்தார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டது. கண்காணிப்பாளர் ஜான் டீஸி 2014 அக்டோபரில் பதவி விலகினார். திட்டத்தை முன்னின்று நடத்தியவர் டீஸிதான். சிம்மர் வாக்களித்த உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே. ஆனால் 2017-இல் வீட்டு அஞ்சல் பெட்டிகளில் விழுந்த துண்டறிக்கைகளில் ஐபேட் படுதோல்விக்குப் பொறுப்பாளியாக நின்றவர் சிம்மர். டீஸி போய்விட்டார், வாக்குச்சீட்டில் எஞ்சியிருந்த பெயர் தலைவருடையது.

அவர் தேர்ந்துகொண்ட நடுவழியும் அவருக்கு உதவவில்லை. 2012-இல் புதிய சார்ட்டர் பள்ளிகளுக்கான அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது ஒரு தரப்பின் பகையைச் சம்பாதித்தார். டீஸியைப் பல வேளைகளில் விட்டுக்கொடுக்காமல் இருந்ததால் மறுதரப்புக்கும் முழு நம்பிக்கை பிறக்கவில்லை. (சமரசம் பேசுபவரைக் கூட்டத்தில் எல்லோரும் பாராட்டுவார்கள், வீடு வீடாக ஏறி இறங்கி அவருக்கு வாக்குக் கேட்கத்தான் ஆள் கிடைக்காது.) அவரை எதிர்த்த நிக் மெல்வோயினும் அதே நகரில் ஆசிரியராக இருந்தவர், ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பணியாற்றியவர். அவரை டிரம்ப்போடு இணைத்துக் காட்ட முயன்ற எதிர்த்தரப்புத் துண்டறிக்கைகள் எடுபடாததில் வியப்பில்லை.

வாக்களிப்பு நாளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2013 மார்ச்சில் மேயர் பதவிக்கான போட்டியும் அதே வாக்குச்சீட்டில் இருந்தது. 2017 மார்ச் முதற்சுற்றில் சிம்மர் 47 விழுக்காட்டுக்கு மேல் பெற்று முதலிடத்தில் இருந்தார். பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று தேவைப்பட்டது. மேயர் எரிக் கார்செட்டியோ மார்ச்சிலேயே வென்றுவிட்டார். ஆக, மே 16 அன்று அந்தத் தொகுதி மக்களை வாக்குச்சாவடிக்கு இழுக்கப் பெரிய போட்டி வேறொன்றும் இல்லை. வந்தவர்கள் சிலரே, அந்தச் சிலரைத்தான் துண்டறிக்கைகள் குறிவைத்தன.

கோல்ட்பர்க்கின் நிலை வேறு. 1983 முதல் 1991 வரை வாரியத்தில் இருந்தவர், பிறகு நகர மன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கும் சென்றார். 2018-இல், தேர்தல் நிதி மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ரெஃப் ரோட்ரிகஸ் பதவி விலகியதால் ஐந்தாம் தொகுதி காலியானது. 74 வயதில் கோல்ட்பர்க் மீண்டும் களமிறங்கினார். பத்துப் பேர் நின்ற முதற்சுற்றில் அவருக்கு மட்டும் 48 விழுக்காடு கிடைத்தது. வடக்கே ஈகிள் ராக், சில்வர் லேக் ஆகிய பகுதிகளையும் தெற்கே ஹண்டிங்டன் பார்க், பெல் போன்ற சிறுநகரங்களையும் ஒரு மெல்லிய நிலத்துண்டால் ஒட்டவைத்த தொகுதி அது. மாணவர்களில் பெரும்பாலோர் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களுள் ஒருவரே உறுப்பினராக வேண்டும் என்ற வாதமும் வலுவாக எழுந்தது. அந்த வாதம் பல வேட்பாளர்களிடையே சிதறிப்போனதும் அவருக்குச் சாதகமாயிற்று.

காலமும் அவர் பக்கம் நின்றது. 2019 ஜனவரியில் ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மழையில் நனைந்தபடி நின்ற மறியல் வரிசைகளுக்குப் பெற்றோரின் ஆதரவும் இருந்தது. அதற்கு முந்தைய வேலைநிறுத்தம் 1989-இல் நடந்தபோது கோல்ட்பர்க் வாரியத்தில், அதாவது நிர்வாகத்தின் இருக்கையில், அமர்ந்திருந்தவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2019-இல் பதாகை ஏந்திய இளம் ஆசிரியர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவருடைய பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் பதவியில் இருந்தபோது போட்ட வாக்குகளோ யார் நினைவிலும் இல்லை. சிம்மருக்கு ஐபேட் இருந்ததுபோல் துண்டறிக்கையில் அச்சிட அவருக்கு எதிராகப் புதிதாக ஒன்றும் இல்லை. சார்ட்டர் பள்ளிகள் சங்கமும் அம்முறை ஒதுங்கி நின்றது.

தொடர்ந்து இருப்பதே தோல்விக்கு வழி என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. மோனிகா கார்சியா 2006 முதல் 2022 வரை இதே வாரியத்தில் இடைவெளியின்றி இருந்தார். 2013-இல் ஆசிரியர் சங்கம் அவரை எதிர்த்தும், அவ்வாண்டிலும் 2017-இலும் முதற்சுற்றிலேயே பாதிக்கு மேல் பெற்று வென்றார். அவர் எந்தத் தரப்பு என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. பெரும்பணம் வைத்திருந்த தரப்பு அவருக்கு எதிராக இல்லை. ஆகவே, இடைவெளி இன்றிப் பதவியில் இருப்பவர் நடுவழியையும் பிடித்துக்கொண்டால் மட்டுமே ஆபத்து என்று சொல்வது பொருந்தும்.

கோல்ட்பர்க்கின் வெற்றிக்கும் ஓர் எல்லை இருந்தது. அவர் வென்ற மூன்று வாரங்களில், பள்ளிகளுக்கு நிதி திரட்டும் சொத்து வரித் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அவரும் மேயரும் ஆசிரியர் சங்கமும் அதை ஆதரித்தனர். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்ட அத்திட்டத்துக்குப் பாதி வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை.